பிறக்க இன்னும் 479 வருஷம்

தாய்லாந்தின் சியாங்ராய் அரசு அலுவலகத்தில் வாசலிலேயே அடையாள அட்டையைப் பதிந்தால்தான் உள்ளே போக முடியும்.

"பெரியவரே, நீங்க பொறந்தது 2505. கம்ப்யூட்டர்ல இப்ப 2026தான் ஓடுது. நீங்க பொறக்கவே இன்னும் 479 வருஷம் இருக்கு" என்றாள் பதிவு மேசையில் இருந்த சுமாலி.

"அட்டையில இருக்கறது நம்ம புத்த வருஷம். கம்ப்யூட்டர்ல அது போயி இங்கிலீஷ் வருஷம் வந்திருக்கும்மா."

"எனக்குத் தெரியாதா? எல்லா கம்ப்யூட்டரும் ஒரே நேரம் காட்டணும்னு நேத்து என்னமோ பண்ணாங்க. இப்ப எல்லாம் ஒத்துமையா தப்பு காட்டுது."

"நான் எதுக்கு வந்தேன்னா..."

"எதுக்கு வந்தாலும் சரி. பொறக்காத ஆளை உள்ள விட்டா என் வேலை போயிடும். பாங்காக்லேருந்து ரிப்பேர் பண்ற ஆள் வர்றாரு. அதுவரைக்கும் உக்காருங்க."

பெரியவர் வீராபோன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஏற்கெனவே அங்கே பிறக்காதவர்கள் முப்பது பேர் இருந்தார்கள்.

பதினொரு மணிக்கு மேலதிகாரி போனில் கத்தினார்.

"இல்ல சார், பாங்காக் ஆள் இன்னும் வரலை. ஒன்பது மணின்னு சொல்லிட்டு... கொஞ்சம்கூடப் பொறுப்பே இல்லை சார்" என்றாள் சுமாலி.

வீராபோன் எழுந்து வந்து, அந்த அலுவலகமே அனுப்பிய அழைப்புக் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"ஒன்பதுக்கே வந்துட்டேம்மா. இன்னும் பொறக்கத்தான் இல்லை."