ஒரே கைப்பிடி

மாடிப்படி ஏறும்போதே மெஷின் சத்தம் காதில் விழுந்தது. எலக்ட்ரீஷியனுக்கு மனசு லேசானது.

அந்தச் சத்தம் இருக்கும்வரை அந்த வீட்டுப் பொண்ணுக்கு ஒன்றுமில்லை.

போன வருஷம் அந்த ஆக்சிஜன் மெஷினுக்கு லைன் இழுத்தது அவன்தான். ஒன்று, கீழே மீட்டர் போர்டிலிருந்து. இன்னொன்று, ஹாலில் இருக்கும் பேட்டரியிலிருந்து. இரண்டும் அறை வாசலில் மாட்டிய பெட்டிக்கு வந்து சேரும். ஒன்று நின்றால் மற்றது ஏற்றுக்கொள்ளும். எது நின்றாலும் பெட்டி 'கீ'யென்று கத்தும்.

யார் காலாவது தடுக்கிப் பிடுங்கிவிடப் போகிறது என்று பிளக்கைக்கூட வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை நேராகப் பெட்டியில் முறுக்கியிருந்தான்.

அன்று கட்டிலில் படுத்தபடி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். எழுந்து நடக்க முடியாது. வாய் மட்டும் ஊரைக் கூட்டும்.

"ரெண்டு லைனும் சண்டை போட்டுக்காதா மாமா?"

ஒன்று தூங்கினால் இன்னொன்று முழித்திருக்கும், உன் அப்பா அம்மா மாதிரி என்றான். அவள் சிரித்தாள். சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் அவள் அம்மாவிடம் திட்டு வாங்கினான்.

இன்று கதவைத் திறந்தது அவள் அப்பா. பஸ் ஓட்டுகிறவர், பெரிய தொண்டைக்காரர். அவர் கிசுகிசுத்துப் பேசுவதே புதிதாக இருந்தது.

பெட்டிக்கு முன்னால் ஒரு சுவிட்ச் வேண்டுமாம். இரண்டு லைனும் ஒரே கைப்பிடியில், ஒரே இழுப்பில் நிற்க வேண்டுமாம்.

கேட்டது சரியான வேலைதான். இரண்டு லைன் வரும் பெட்டியில் ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டுக் கை வைத்தால் அடுத்தது அடித்துவிடும். ரிப்பேர் பார்க்க வருகிறவனைக் காப்பாற்றத்தான் அப்படிக் கைப்பிடி போடுவார்கள்.

"ரிப்பேராண்ணே?"

"இல்ல தம்பி. மெஷினை நிறுத்தணும்."

எலக்ட்ரீஷியன் அவர் முகத்தைப் பார்த்தான். பல நாள் தாடி.

"மெஷின்லயே சுவிட்ச் இருக்கே."

"அதுக்கு உள்ள போகணும். அவங்கம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கா."

நோயாளியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறான். ஆனால் இவரா? பொண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு, சிலிண்டரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இந்தப் படிகளில் ஏறி இறங்கியவரா?

பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"இதுக்கு என் கை வராதுண்ணே. வேற ஆளைப் பாத்துக்கங்க."

அவர் கோபப்படவில்லை. அறைக் கதவை மெல்லத் தள்ளினார்.

கட்டிலில் விரிப்பு இல்லை. தலையணை இல்லை. பொண்ணும் இல்லை.

அவள் அம்மா தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்திருந்தாள். மெஷினிலிருந்து வரும் குழாயின் நுனி அவள் கன்னத்தில் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. குழாய்க் காற்றில் காதோர மயிர் அசைந்துகொண்டிருந்தது.

"போன மாசமே போயிட்டா" என்றார் அப்பா.

ஹாலுக்கு வந்து மிச்சத்தைச் சொன்னார். ஒரு நாள் மனைவி குளிக்கப் போன சமயத்தில், அந்த அறைக்குள் போக மனசில்லாமல், கீழே போய் ஒரு லைனை நிறுத்தினாராம். பெட்டி கத்தியது. பொண்ணு இருந்தபோது கரண்ட் போனால் எப்படி ஓடி வருவாளோ, அப்படியே ஈரத்தோடு ஓடி வந்தாளாம். "பயப்படாதடி, அம்மா வந்துட்டேன்" என்று வெறும் கட்டிலைத் தடவினாளாம்.

"இன்னொண்ணையும் நிறுத்த எனக்குத் தெம்பு இல்ல தம்பி. ரெண்டும் ஒண்ணா நின்னுட்டா பெட்டிக்குக் கத்தக் கரண்ட் இருக்காது, அவளுக்கும் ஓடி வர வேலை இருக்காது."

எலக்ட்ரீஷியன் பையைத் திறந்தான்.

ஆனால் கைப்பிடியைப் போடவே ஒவ்வொரு லைனாக நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை. நேராக அறைக்குள் போய் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"அக்கா, பெட்டியில ஒரு வேலை இருக்கு. ரெண்டு தடவை கத்தும்."

அவள் கண்ணைத் திறந்து, யாரென்று அடையாளம் தெரிந்துகொண்டு, தலையாட்டினாள்.

இரண்டு தடவை கத்தியது. இரண்டு தடவையும் உள்ளே அவள் தணிந்த குரலில் ஏதோ சொன்னது கேட்டது. மெஷின் நிற்கவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கடைசித் திருகை முறுக்கும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். பெட்டியின் பக்கத்தில் புதிதாக முளைத்த சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

அப்பா ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"ரெண்டு லைனும் ஒண்ணா நிக்கறதுக்குக்கா" என்றான் எலக்ட்ரீஷியன். பொய் சொல்ல வரவில்லை அவனுக்கு.

அவள் கைப்பிடியைத் தொட்டாள். கணவனைப் பார்த்தாள். அவர் தாடியைப் பார்த்தாள். அன்றுதான் முதல் தடவையாகக் கண்ணில் பட்டது போல வெகுநேரம் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "நான் போயி அவ பக்கத்துல படுத்துக்கறேன். அப்புறம் இறக்குங்க."