போலகத்துக் கீரை

"செவ்வாய்க்கிழமை முருங்கைக்கீரை சாப்பிட்டீங்களா ஐயா?"

ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் லேப் டெக்னீஷியன் ஷஃபீனா. ஊசி குத்தி ஒரு மணி நேரமாகியும் பஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்த நீலகண்டன், பக்கத்திலிருந்த மனைவி பெரியநாயகியைப் பார்த்தார். பிறகு பஞ்சைப் பார்த்தார்.

"லேசா..." என்றார்.

"லேசா இல்லைங்க," என்றாள் ஷஃபீனா. "ரெண்டு கரண்டி. போலகத்துல, தங்கச்சி வீட்டுல."

நீலகண்டன் பஞ்சை இன்னும் அழுத்தினார். இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க அவருக்கு தினமும் மாத்திரை. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மாதாமாதம் வரிச்சிக்குடியிலிருந்து காரைக்காலுக்கு வந்து ரத்தப் பரிசோதனை. ரத்தம் அளவை மட்டும் சொன்னால் பரவாயில்லை. அவருடைய ரத்தம் விலாசமும் சொன்னது. போன மாதம் அஜ்மீர் கடை பசலைக்கீரை போண்டாவைக் கடைப் பெயரோடு சொன்னது. இந்தச் செய்தி பரவியதிலிருந்து வரிச்சிக்குடியில் சில ஆண்கள் சர்க்கரை சோதனைக்குக்கூட வருவதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் எங்கெங்கோ போய் வருபவர்கள்.

"நீதானே இந்தப் பொண்ணுகிட்ட போட்டுக் குடுத்தே?" மனைவியிடம் சீறினார்.

"நல்லா இருக்கே. நீங்க போலகம் போனதே எனக்கு இப்பத்தான் தெரியும். உரம் வாங்கப் போறேன்னுதானே சொன்னீங்க?"

நீலகண்டன் குரலைத் தாழ்த்தினார். "ஷஃபீனாம்மா, கீரை தெரியலாம், சரி. தங்கச்சி வீடு எப்படிம்மா ரத்தத்துல ஏறுச்சு?"

"அதை விடுங்க ஐயா. மாத்திரைக்கு எதிரா கீரை வேலை செஞ்சிருக்கு. அளவு ரொம்ப இறங்கியிருக்கு. இப்படியே போனா வால்வுல ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் அடைச்சிரும். டாக்டர் சொன்னாருல்ல?"

"டாக்டர் சொல்வாரு. அவருக்கு என்ன தெரியும்? உன் மிஷினுக்குத்தான் எல்லாம் தெரியுது." மூலையிலிருந்த பரிசோதனை மிஷினைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். பஸ் வருகிறதா என்று பார்க்க வெளியே போனார்.

பெரியநாயகி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டாள்.

"இந்த மனுஷன் யாரு சொல்லியும் கேக்க மாட்டாரும்மா. இந்த ஊசி ஒண்ணுக்குத்தான் பயப்படுறாரு. இதுவும் இல்லேன்னா அவரை நான் என்னிக்கோ வாரிக் குடுத்திருப்பேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "எனக்கும் கொஞ்சம் எடுத்துப் பாரேன். பீரோ சாவியை எங்கே வச்சேன்னு தெரியலை."

ஷஃபீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அதெல்லாம் ரத்தத்துல தெரியாதும்மா."

"போலகம் தெரியுது, பீரோ சாவி தெரியாதா?"

அப்போது மேஜை மேலிருந்த போன் அடித்தது. ஷஃபீனா உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஹலோ, லேப்புங்களா? பேரெல்லாம் வேணாம்மா, பொதுவா ஒரு சந்தேகம்." கட்டைத் தொண்டையில் ஓர் ஆண் குரல். "ஒருத்தரு நாளைக்கு கீழவாஞ்சூர்ல மச்சான் வீட்டுல ஆட்டு ஈரல் சாப்பிட்டா, அது ரத்தத்துல தெரியுங்களா? அன்னிக்குப் போலகத்துக் கீரையைப் பத்திக் கேட்டது வேற ஆளு."

"தெரியும்ங்க," என்றாள் ஷஃபீனா. "மச்சான் வீடுன்னே தெரியும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெட்டிக்கடை ஓரமாக முதுகைக் காட்டி நின்று, தோள்துண்டால் போனை மூடிப் பேசிக்கொண்டிருந்த நீலகண்டன், வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.