வௌவால் பட்டம்

"வௌவாலே! ஏய் வௌவாலே! இந்தப் பக்கம் வா!"

மகளைக் கூட்டிப்போக வந்த கண்டக்டரம்மா, மழலையர் பள்ளியின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அந்தக் கூப்பாட்டுக்குத் திரும்பியது வேறு யாருமில்லை, அவள் மகள்தான்.

ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது.

கண்டக்டரம்மாவுக்குச் சுர்ரென்று உச்சந்தலை வரை ஏறியது. படிக்கட்டில் தொங்குகிற தடியன்களையே ஒரே அதட்டலில் பஸ்ஸுக்குள் தள்ளுகிறவள். இந்தப் பொடிசுகளைச் சும்மா விடுவாளா? காக்கிச் சட்டையும் தோள் பையுமாக விடுவிடுவென்று வகுப்புக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஒரே களேபரம். கறுப்புக் காகிதத்தில் இறக்கை வெட்டி முதுகில் ஒட்டிக்கொண்டு ஆளாளுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். ஏறி விளையாடுகிற கம்பியில் ஒருத்தன் காலை மடக்கித் தலைகீழாகத் தொங்க, டீச்சர் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஆன்ட்டி! வௌவால் எப்படித் தூங்கும் தெரியுமா? இதோ, இவனை மாதிரி!"

"அது பறவையே இல்ல ஆன்ட்டி! குட்டி போட்டுப் பால் குடுக்கும்!"

"குட்டிங்க எல்லாம் ஒண்ணா, கும்பலா தொங்குமாம். அவங்கவங்க அம்மா வந்து, குரலை வெச்சே தன் குட்டியைக் கண்டுபிடிச்சிருமாம்!"

"பூச்சியைப் பார்த்தா பறந்துக்கிட்டே லபக்!"

டீச்சர் முகத்திலும் அதே குதூகலம். "நேத்து மாடி இடுக்குல வௌவால் தொங்கினதைக் கீழே நின்னு காட்டினேங்க. அவ்வளவுதான், அப்போலேர்ந்து யாரும் தரையில நிக்க மாட்டேங்கிறாங்க!"

"அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். யாரு என் பொண்ணை வௌவால்னு சொன்னது?"

பறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தொங்கியவன்கூட மெதுவாக இறங்கிவிட்டான்.

"அது வந்துங்க..."

"நீங்க இருங்க. கண்ணு தெரியலன்னா வௌவாலா? அதுக்குத்தானே இந்தப் பட்டப்பேரு?"

"இல்லைங்க, வௌவாலுக்குக் கண்ணு தெரியும். இருட்டுல மட்டும் அது..."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க!"

டீச்சர் ஒதுங்கி நின்றாள்.

"எத்தனை ஸ்கூல் ஏறி இறங்கினேன் தெரியுமா? எல்லாரும் 'வேற இடம் பாருங்க'ன்னு கதவைச் சாத்தினாங்க. நீங்க ஒருத்தர்தான் 'வாடா செல்லம்'னு கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போனீங்க. இங்கேயும் இப்படின்னா நான் எங்கே போவேன்?" கண்டக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சொன்னது யாருன்னு இப்ப எனக்குத் தெரியணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து இவ இங்கே வர மாட்டா."

குழந்தைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முன்பல் விழுந்த பையன் ஓரடி முன்னால் வந்தான். "நான்தான் ஆன்ட்டி."

"இல்ல, நான்!" என்றாள் ரெட்டைச் சடை.

"நான்தான் முதல்ல சொன்னேன்!" இது பின் வரிசையிலிருந்து.

"நானும்!" "நானும்தான்!"

"பார்த்தீங்களா டீச்சர்? ஒரு பிள்ளை பாக்கியில்ல! வாடி, வீட்டுக்குப் போகலாம்."

கரும்பலகை ஓரத்தில் நின்றிருந்த மகள் நாக்கை மடித்து 'டக், டக்' என்று சத்தமிட்டாள். நடுவில் கவிழ்ந்து கிடந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, பெஞ்சு மூலையில் இடிக்காமல் வளைந்து, நேராக அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாரும் பொய் சொல்றாங்கம்மா. நீ என்னை அடிப்பேன்னு பயந்துட்டாங்க. அந்தப் பேரை நானேதான் வெச்சுக்கிட்டேன்."

"நீயா? ஏன்டி?"

"வௌவால் சத்தம் போடுமாம்மா. அந்தச் சத்தம் போய் முட்டித் திரும்பி வர்றதைக் கேட்டே சுவரு எங்கே, மரம் எங்கேன்னு கண்டுபிடிச்சிருமாம். நானும் அப்படித்தானே பண்றேன்! 'நாலு பேரு முன்னாடி நாக்கைத் தட்டாதே, அசிங்கமா இருக்கு'ன்னு நீகூடத் திட்டுவியே, அதேதாம்மா!"

கண்டக்டரம்மாவுக்கு டீச்சர் பக்கம் திரும்பக் கூச்சமாக இருந்தது. மகளின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். சுற்றி நின்றவர்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பல் விழுந்தவன் நெற்றியில் ஒரு புடைப்பு. ரெட்டைச் சடைக்கும் ஒன்று.

"இவங்களுக்கெல்லாம் என்னடி ஆச்சு?"

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எல்லாரும் தானும் வௌவாலாகணும்னு அடம் பிடிச்சாங்கம்மா. துணியால கண்ணைக் கட்டி விட்டேன். ஒருத்தருக்கும் நாலடி நடக்கத் தெரியல! பாவம், 'நீங்க பூச்சியாவே இருங்கடா'ன்னு சொல்லிட்டேன்."