அஞ்சு கிலோ வெங்காயம்

"இது கத்தியாம்மா? தகரத்தைத் தட்டி எடுத்துட்டு வந்து முதலாளிகிட்ட நீட்டுறியே!"

டவுன் கம்பெனி ஏஜெண்ட் அமிர்தலிங்கம் சிரித்தார். அவர் கையில் எவர்சில்வர் கத்தி பளபளத்தது. செங்கமலத்தின் கையில் இருந்ததோ கறுப்புக் கத்தி, அவளே உலையில் காய்ச்சி அடித்தது.

அந்த எழுபத்தெட்டாம் வருஷம் செட்டிகுளத்தில் வெங்காய வடகம் போட்டுத் திருச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்த முதலாளி சிவசுப்பிரமணியனுக்கு நூறு கத்திகள் தேவை. ஆர்டர் கிடைத்தால் செங்கமலத்தின் உலை எரியும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் அவள் கல் உடைக்கப் போக வேண்டியதுதான்.

முதலாளி செய்தித்தாளைப் பிடித்தார். இரண்டு கத்திகளும் சர்ரென்று வெட்டின.

"ரெண்டும் ஒண்ணுதான். அப்ப பளபளன்னு இருக்கறதையே வாங்கிடலாமே?"

"புதுசுல எல்லாக் கத்தியும் வெட்டுங்க. ஆளுக்கு அஞ்சு கிலோ வெங்காயம் அரியச் சொல்லிப் பாருங்க. மழுங்குன கத்தி வெங்காயத்த நசுக்கும். நசுக்குனா கண்ணு எரியும். கண்ணு பொய் சொல்லாதுங்க" என்றாள் செங்கமலம்.

வடகத்துக்கு அரிந்தே பழகிய இரண்டு வேலைக்காரப் பெண்களில் வேம்பு எவர்சில்வரை எடுத்தாள், பஞ்சவர்ணம் கறுப்பை எடுத்தாள்.

மூன்றாவது கிலோவில் வேம்பு மூக்கை உறிஞ்சினாள். நாலாவதில் தாரை தாரையாகக் கொட்டியது. பஞ்சவர்ணமோ ஊர்க்கதை பேசிக்கொண்டே அரிந்தாள்.

"அந்தம்மாவுக்குக் கண்ணே எரியாது போல. கத்தியை மாத்திக் குடுங்க!" என்று குதித்தார் ஏஜெண்ட்.

மாற்றினார்கள். ஐந்தாவது கிலோ முடிவதற்குள் பஞ்சவர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அடி ஆத்தி! இது அரிய மாட்டேங்குதுடி, நசுக்குது!"

வேம்பு கண் தெளிந்து சிரித்தாள்.

முதலாளி மறுபடி தாளைப் பிடித்தார். எவர்சில்வர் அதைக் கசக்கியது. கறுப்பு, முதலில் போலவே சர்ரென்று இறங்கியது.

"நூறு கத்தியும் நீயே அடிச்சுக் குடும்மா!"

செங்கமலத்துக்கு நெஞ்சு பூரித்துப் போனது. ஏஜெண்ட் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக் கேட்டார்.

"எங்க கத்தி மழுங்கிடுச்சு, சரி. உன்னுது மட்டும் எப்படிம்மா இவ்வளவு நேரம் நிக்குது?"

"பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கினா கெட்டியாயிடும் சார். அப்படியே வுட்டா கூர் உதிர்ந்துடும். அதான் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதமாக்கினேன்."

"அது சரி, நல்ல இரும்பா இருக்கே. எந்தக் கம்பெனி?"

"உங்க கம்பெனிதான் சார். போன மாசம் மலையடிவாரத்துல உங்க வேனோட ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சு, குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டுப் போனீங்களே, அதுதான்!"