வேனுக்கு அடியில்

"சார், ஒரு கேஸ் சிலிண்டர் வெடிக்கணும்னா உள்ள அழுத்தம் எவ்வளவு இருக்கணும்?"

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த இயற்பியல் வாத்தியாரின் கை அப்படியே நின்றது.

கேட்டவள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் வகுப்பில் அவளுக்கு 'டவுட்டு' என்றே பெயர்.

"அந்தக் கேள்வி பாடத்துல இல்லையேம்மா?"

"சூடு ஏறினா வாயுவோட அழுத்தமும் ஏறும்னு நீங்கதானே சார் சொன்னீங்க. காலையில குளிர்ல நிரப்பின சிலிண்டர் மத்தியானம் வெயில்ல நின்னா?"

"பத்துல ஒரு பங்கு கூடும். நல்ல சிலிண்டர் அதையெல்லாம் தாங்கும்."

"துருப்பிடிச்சதா இருந்தா? அதுக்கு நேர் மேல ஆளுங்க உட்கார்ந்திருந்தா?"

"யாரைத் தீர்த்துக்கட்டப் போற?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்க, வகுப்பே கொல்லென்று சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை.

"இன்னொரு டவுட்டு சார். பெட்ரோல்ல ஓடற என்ஜினை கேஸுக்கு மாத்தினா டார்க் குறையுமா?"

"டார்க்ங்கறது சக்கரத்தைச் சுத்த வைக்கிற முறுக்கு விசை. கேஸுக்கு மாத்தினா கொஞ்சம் குறையும்."

"அதோட ரெண்டு மடங்கு ஆளையும் ஏத்திக்கிட்டு மேம்பாலம் ஏறினா?"

"திணறும். பாதியில நிறுத்தினா பின்னாடி உருண்டாலும் உருளும். ஆமா, நீ எந்த வண்டியைச் சொல்ற?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

சாப்பாட்டு நேரம். வாத்தியார் முதல் வாய் எடுத்து வைக்கவில்லை, காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், உங்க கிளாஸ் பொண்ணு ஒண்ணு, சின்னப் பிள்ளைங்க போற வேனுக்கு அடியில படுத்துக்கிட்டு என்னமோ பண்ணுது!"

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் அவள் கேட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. டிபன் பாக்ஸை மூடக்கூட இல்லை. ஓடினார்.

வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏய்! வெளிய வா!"

டவுட்டு நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் கிரீஸ். காவலாளி கேட்டில் ஆளில்லையே என்று திரும்பி ஓடினார்.

"அடியில என்னத்தை வெச்ச?" வாத்தியார் அவள் கைகளையே பார்த்தார்.

"நானா? ஒண்ணும் வெக்கலை சார். பார்த்துக்கிட்டிருந்தேன்."

"பொய் சொல்லாதே. போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க சார். அதுதான் நல்லது."

அவர் திகைத்துப் போனார்.

"நீங்களே குனிஞ்சு பாருங்க சார்."

முட்டிபோட்டுக் குனிந்து பார்த்தார். குழந்தைகளின் இருக்கைக்கு நேர் கீழே ஒரு சிலிண்டர். வயிறு முழுக்கத் துரு. கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே புகைக்குழாய். லேசாக கேஸ் வாடை வேறு.

அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"இது... இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் நடந்துதான் சார் வீட்டுக்குப் போவேன். போன வாரம் மேம்பாலத்துல இந்த வேன் ஏற முடியாம பின்னாடி உருண்டுது. பின்னால வந்த லாரிக்காரர் சட்டுனு பிரேக் போட்டதால ஒண்ணும் ஆகலை. உள்ள பிள்ளைங்க எல்லாம் ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்கார்ந்துக்கிட்டு ஒரே கத்தல். அதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல சார்."

"உன் தம்பி, தங்கச்சி யாராவது இதுல போறாங்களா?"

"இல்ல சார். எனக்கு யாரும் இல்ல. நான் ஒரே பொண்ணு."

வாத்தியாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தப் பெண்ணைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டார்!

"டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னேன் சார். முதலாளிகிட்ட பேசு, என் வேலைக்கு உலை வெக்காதேன்னுட்டார். பிரின்சிபால் மேடம்கிட்ட போனேன். சின்னப் பொண்ணு உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு துரத்திட்டாங்க. அதான் கணக்கோட போய் நிக்கலாம்னு உங்ககிட்ட கேட்டேன்."

"வேன் யாரோடதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். மேடத்தோட தம்பியோடது. ஆனா நீங்க சொன்னா அவங்க கேட்டுத்தானே சார் ஆகணும்?"

வாத்தியார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வேன் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"சரிம்மா. நீ முகத்தைக் கழுவிட்டு கிளாஸுக்குப் போ. யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே. நான் பார்த்துக்கறேன்."

"ரொம்ப தேங்க்ஸ் சார்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாரம் இறங்கியவள்போலத் துள்ளி ஓடினாள்.

அவள் மறையும்வரை காத்திருந்தார். பிறகு மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி, அவசர அவசரமாக போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு, உடனே கிளம்பி வா. பாப்பாவை நீயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. இனிமே அவ இந்த வேன்ல போக வேண்டாம்."

"என்னங்க ஆச்சு?"

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன். முதல்ல கிளம்பு."

"சரி, வரேன். அப்படியே அதே வேன்ல வர்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ரெண்டையும் கூட்டிட்டு வந்துடவா?"

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வேண்டாம். அவங்க ஏன்னு கேப்பாங்க."