ஏழாம் நம்பர் முடி

"யாரா இருந்தாலும் சரி, ஏழாம் நம்பர் நாளையிலேர்ந்து இந்த லேப் வாசலை மிதிக்கக் கூடாது."

தலைமை விஞ்ஞானி சொன்னால் சொன்னதுதான். கடல் தண்ணீரிலும் மீனிலும் எவ்வளவு ஈயம், எவ்வளவு பாதரசம் என்று முப்பது வருஷமாக அளந்துகொண்டிருக்கும் மனுஷர். அவர் பெயரைக் கேட்டாலே ஆலைக்காரர்கள் எச்சில் விழுங்குவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் லேபில், மூன்று மாதமாக எதைச் சோதித்தாலும் ஈயம். கடல் தண்ணீரில் இருந்தால் நியாயம். காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரிலுமா? ஆலைகள் கடலில் கொட்டும் கழிவு பற்றி அறிக்கை கொடுக்க இன்னும் பத்தே நாள். 'உங்க லேபே அழுக்கு' என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிட்டால் முப்பது வருஷ உழைப்பும் அம்போ.

மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். வளையலைக் கழற்றச் சொன்னார். பவுடர் பூசி வந்த உதவியாளப் பெண்ணை முகம் கழுவ அனுப்பினார். ஈயம் அசைந்து கொடுக்கவில்லை.

கடைசியில் லேபில் புழங்கும் ஏழு பேர் தலைமுடியையும் சோதிக்க உத்தரவு போட்டார். பெயர் தெரிந்தால் பாரபட்சம் வருமாம், அதனால் எல்லாம் நம்பர்தான். எந்த நம்பர் யார் என்று ஆபீஸ் குமாஸ்தா எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்திருந்தார்.

"ஆறு பேர் சுத்தம் சார். ஏழாம் நம்பர் முடியிலதான் ஈயம் கொட்டிக் கிடக்கு," என்றாள் உதவியாளப் பெண்.

விஞ்ஞானி கவரைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்க வேணாம் சார். அது நான்தான்," என்றாள், தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்.

"நீயா? உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுச் சுவர்ல அந்தக் காலத்துப் பெயின்ட் சார். உதிர்ந்துகிட்டே இருக்கும். அதுக்குக் கீழதான் தலை வச்சுப் படுக்கறேன்."

பழைய பெயின்ட்டில் ஈயம் உண்டு. கணக்கு நேராகிவிட்டது.

"பாவம் சார், ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறாங்க. தலைக்கு ஒரு தொப்பி போட்டுக்கிட்டா போதுமே," என்று பெண் கெஞ்சினாள்.

"சட்டம்னா சட்டம். இன்னிக்கு இந்த அம்மாவுக்கு விட்டா, நாளைக்கு ஆலைக்காரனுக்கும் விடணும்."

பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். விஞ்ஞானி வேலைநீக்க உத்தரவை எழுத உட்கார்ந்தார். பட்டியலையும் சேர்த்து ஃபைலில் வைக்க வேண்டுமே என்று கவரைப் பிரித்தார்.

தரை துடைக்கும் அம்மாள், மூன்றாம் நம்பர். ஏழுக்கு நேரே விஞ்ஞானியின் சொந்தப் பெயர்.

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. பிறவிக் கறுப்பு என்று கட்டின மனைவியே நம்பிக்கொண்டிருக்கும் தலை. மூன்று மாதம் முன்னால் மாற்றிய புது டப்பாவில் 'சுத்த மூலிகைச் சாயம்' என்று போட்டிருந்தது. ஊர் உலகத்தையெல்லாம் சோதித்தவர் அதை மட்டும் சோதிக்கவில்லை.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றார் மெதுவாக, இன்னும் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம்.

"திங்கக்கிழமை தவறாம உங்க ரூம் குப்பைக்கூடையில அந்த டப்பா கிடக்கும் சார். அன்னிக்குத்தான் இந்தப் பொண்ணும் ஈயம் ஏறிப்போச்சுன்னு புலம்பும்."

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்புறம் ஏன் பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?" இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'நீங்க' வந்தது.

"நான் போனா, தரையைத் துடைக்க நாளைக்கே வேற ஒருத்தி வந்துடுவா சார். உங்க சட்டப்படி உங்களை வெளியே அனுப்பிட்டா, கடலை யார் துடைக்கிறது?"