இரண்டு கைப் பிடி

மைசூர் தொழிற்சாலைக் குடியிருப்பின் பின்புறம் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. யார் வீட்டிலோ தூர்தர்ஷன் கன்னடத்தில் பேசிக்கொண்டிருக்கிறது. துணிக்கொடியையே வலையாக வைத்துக்கொண்டு சொர்ணலதாவும் தேவம்மாவும் வளையப்பந்து ஆடுகிறார்கள். ராமாபுரம் பள்ளியில் ஒன்றாக ஆடியவர்கள். வாக்கப்பட்டு வந்ததும் ஒரே குடியிருப்புக்கு. முடக்குவாதத்தில் சொர்ணலதாவின் விரல்கள் காலையில் சீப்பைக்கூடப் பிடிக்காது. மாலையில் கொஞ்சம் இளகும். அந்த நேரத்தை நம்பித்தான் ஒரு மாதமாக இந்த ஆட்டம். தேவம்மாவின் கையிலிருந்து சிவப்பு ரப்பர் வளையம், தவழும் பிள்ளைக்குப் போடுவதுபோல, மெல்லச் சுழன்று வருகிறது. விரல் மடங்குவதற்குள் நழுவப் பார்க்க, சொர்ணலதா இன்னொரு கையையும் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். இரண்டு கை பட்டால் புள்ளி எதிராளிக்கு. பள்ளியில் இதற்காகவே ஒரு வாரம் பேசாமல் இருந்த தேவம்மா, இப்போது எங்கோ பார்த்துக்கொண்டு, “போடு புள்ள” என்கிறாள். சொர்ணலதா போடவில்லை. “ரெண்டு கையில புடிச்சேன். பாத்தியா இல்லியா?” “பாத்தேன். அது கெடக்குது உடு.” “என்ற வெரலுக்குத்தான் நோவு தேவு, ஆட்டத்துக்கு இல்ல.” கொடியின் ஓரத்தில் எடுக்காமல் விட்ட புடவை படபடக்கிறது. தேவம்மா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கொடியருகே வந்து கையை நீட்டுகிறாள். குரலில் அந்தப் பழைய கறார் ஏறுகிறது. “அப்படின்னா முன்னால புடிச்ச நாலும் தப்புத்தான். வளையத்தைக் கொண்டா இங்க. கள்ளாட்டம் ஆடறதே உனக்குப் பொழப்பு.” சொர்ணலதாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. அதை அடக்கி, வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். “நாலு இல்ல, மூணு” என்று சண்டைக்கு நிற்கிறாள்.